ஒரு முழம் கூடுதல்

"நீங்க என்ன வேலை செய்யறீங்க?" என்று யாராவது கேட்டால், பொடிசின் அம்மா சிரிக்காமல் பதில் சொல்வார்.

"அங்கி வரையறேன்."

கேட்டவர் இரண்டு முறை தலையாட்டுவார். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் வேறு பக்கம் பார்ப்பார். பக்கத்தில் பொடிசு நின்றிருந்தால் சும்மா இருப்பாளா? "பருந்தாரோட அங்கி. டிவி கார்ட்டூன்ல வருதே, அதை வரையறது எங்க அம்மாதான்" என்று எடுத்து விடுவாள். அவ்வளவுதான், கேட்டவரின் முகமே மாறிவிடும்.

மாறாமல் என்ன செய்யும்? ஒன்பது வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஆறு மணிக்குப் பருந்தார் தவறாமல் வருகிறார். கவிழப் போகும் பேருந்தைத் தாங்கிப் பிடிக்கிறார். தீப்பிடித்த மாடியிலிருந்து ஆட்களைத் தூக்கி வருகிறார். அவர்கள் வீட்டுப் பூனையையும் மறக்காமல் கொண்டு வந்து சேர்க்கிறார். தோளிலிருந்து குதிகால் வரை தொங்கும் சிவப்பு அங்கியில்தான் அவருடைய பலமெல்லாம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அவரால் ஒரு சாக்கடையைக்கூடத் தாண்ட முடியாது.

அந்த அங்கியை மட்டும் பார்த்தாலே பருந்தாரின் மனதில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். கோபம் வந்தால் அது சடாரென்று உதறும். கவலை வந்தால் நனைந்த துணி போலத் தொங்கும். பொடிசின் அம்மா அதை அப்படி வரைவார். ஒரு காற்றை வரைவதற்காக மொட்டைமாடியில் படுக்கை விரிப்பைக் கொடியில் போட்டு, அதன் முன்னால் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர் அவர். எதிர்வீட்டுக்காரர்கள் துணி திருடு போகாமல் காவல் காக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தொடர் முடிந்ததும் ஓடும் எழுத்துகளில் அம்மாவின் பெயர் கடைசிக்கு முன்னால் வரும். எறும்பு அளவு எழுத்து. அதைப் படிப்பதற்கென்றே பொடிசு கண்ணைச் சிமிட்டாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

பொடிசுக்குப் பத்து வயது. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு நல்ல நீளமான பெயர் உண்டு. வீட்டில் இளையவள் என்பதால் பொடிசு என்று அழைத்து, அதுவே நிலைத்துவிட்டது. அந்த வாரம் பள்ளிக்கு விடுமுறை. அக்கா விளையாட்டு முகாமுக்குப் போய்விட்டாள். அதனால் பொடிசு தினமும் அம்மாவோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

நல்ல வாரமாகப் பார்த்துத்தான் வந்தாள். ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை பருந்தார் ஓய்வு பெறப் போகிறார்.

பாவம், அவருக்கு முழங்கால் வலி. மேகத்துக்கு மேலே போனால் குளிர் தாங்கவில்லை. அதனால் தன் அங்கியை வேறொருவரிடம் கொடுத்துவிட முடிவு செய்கிறார். யாரிடம் தெரியுமா? சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில் வளரும் சிட்டு என்ற பெண்ணிடம். அவளுக்கும் பத்து வயது.

இந்த யோசனை இயக்குநருடையது. அவர் உயரமான பெண்மணி. கொண்டையில் எப்போதும் இரண்டு பென்சில்கள் செருகியிருக்கும். மூன்றாவது பென்சிலைத் தேடிக்கொண்டிருப்பார். தொலைக்காட்சி நிலையத்துக்காரர்களுக்கோ இதில் அரை மனதுதான். "பத்து வயசுப் பொண்ணு பறந்தா யாரு பாப்பாங்க?" என்று கேட்டார்கள். இயக்குநர் நடையாய் நடந்து ஒரே ஒரு பகுதிக்கு அனுமதி வாங்கியிருந்தார். அது வெள்ளிக்கிழமை வர வேண்டும். பார்ப்பவர்களுக்குப் பிடித்தால் சிட்டு இருப்பாள். இல்லாவிட்டால் பழைய பருந்தாரையே திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் இணைப்பு அறையில் கூடினார்கள்.

இந்த இடத்தில் ஸ்டூடியோவின் வேலை முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே உடம்பு அறை என்று ஒன்று, அங்கி அறை என்று ஒன்று. நடுவில் கனமான சுவர். உடம்பு அறையில் சிட்டு ஓடுவதையும் குதிப்பதையும் பறப்பதையும் அங்கி இல்லாமல் வரைவார்கள். அங்கி அறைக்கு அவர்கள் அனுப்புவது இரண்டே இரண்டு புள்ளிகள்தான். ஒன்று இடது தோள், ஒன்று வலது தோள். அந்தப் புள்ளிகள் திரையில் நகர நகர, அவற்றில் துணியை மாட்டிவிட்டது போல அம்மாவும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் அங்கியை வரைவார்கள். எவ்வளவு நீளம் என்று சுவரில் ஓர் அளவுத்தாள் ஒட்டியிருக்கும். உடம்பும் அங்கியும் ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்திப்பது இணைப்பு அறையில்தான்.

"போடுங்க" என்றார் இயக்குநர்.

திரையில் ஒரு மொட்டைமாடி. பருந்தார் தன் அங்கியை மெல்லக் கழற்றினார். சிட்டுவின் தோளில் போட்டார். "இனிமே இது உன்னோடது" என்றார்.

சிட்டு திரும்பி நடந்தாள்.

அங்கியும் நடந்தது. அவள் கடந்து போன பிறகும் அது பாட்டுக்குத் தரையில் இழுபட்டுக்கொண்டு பின்னால் வந்தது. சிட்டு படியில் இறங்கினாள். அவள் மூன்றாவது படியில் இருந்தபோது அங்கியின் நுனி முதல் படியில் இருந்தது.

"பெருக்கிட்டே போறாளே" என்றார் யாரோ. யாரும் சிரிக்கவில்லை.

"நிறுத்துங்க" என்றார் இயக்குநர்.

அம்மா எழுந்து அங்கி அறைக்குப் போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். சுவரில் சிட்டுவின் புதிய அளவுத்தாள் பளிச்சென்று இருந்தது. அதில் சிட்டு சின்னவள், அவளுடைய அங்கியும் சின்னது. அம்மா திரையில் இருந்த தன் படத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். வித்தியாசம் ஒரு முழம்.

ஒன்பது வருடமாக ஒரே அங்கியை வரைந்த கை. பருந்தாரின் அளவு அந்தக் கைக்கு மனப்பாடம். அது தாளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"தாளை ஒட்டினது நான்தான்" என்றார் அம்மா. "பாக்காம வரைஞ்சதும் நான்தான்."

"அக்கா, நாங்களும்தானே வரைஞ்சோம்" என்றார் கூட்டாளிகளில் ஒருவர்.

"நீங்க என்னோட முதல் படத்தைப் பாத்து வரைஞ்சீங்க. உங்க மேல என்ன தப்பு? மேடம், இது முழுக்க என் தப்பு."

பொடிசுக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் நின்று என் தப்பு என்று சொன்ன அம்மாவை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் அவள் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது படங்கள். மூன்று பேர் மூன்று வாரம் வரைந்தவை. கையில் இருப்பது மூன்று நாள்.

உடம்பு அறையின் தலைவர் முன்னால் வந்தார். அவர் முதலில் எலும்பு வரைந்து, பிறகுதான் அதன் மேல் உடம்பு வரைவார். ஆளும் ஒல்லி. அதனால் எல்லோருக்கும் அவர் எலும்பு அண்ணன்.

"கம்ப்யூட்டர்ல சின்னதாக்கிப் பாக்கலாம்" என்றார்.

சின்னதாக்கினார். நீளத்தோடு அகலமும் குறைந்துவிட்டது. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கழுத்தில் கட்டிவிடும் துணி போல ஒன்று சிட்டுவின் முதுகில் தொங்கியது.

"சரி, கீழே மட்டும் ஒரு முழம் வெட்டிடறேன்."

வெட்டினார். அங்கியின் நுனியில்தான் அம்மா காற்றை வைத்திருந்தார். நுனி போனதும் காற்றும் போயிற்று. அட்டையைக் கட்டிவிட்டது போல அது விறைத்து நின்றது. எலும்பு அண்ணன் அதை உடனே அழித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பது போல அம்மாவைப் பார்த்தார்.

இயக்குநர் கொண்டையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். மறுபடி அங்கேயே செருகினார்.

"ஒண்ணும் பண்ண முடியாது. வெள்ளிக்கிழமை பழைய பருந்தாரையே போடச் சொல்லிடறேன்."

"அப்ப சிட்டு?" என்று கேட்டாள் பொடிசு.

"அப்புறம் பாக்கலாம்மா."

பெரியவர்களின் 'அப்புறம் பாக்கலாம்' பற்றிப் பொடிசுக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாய்க்குட்டி வேண்டும் என்று அவள் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. அதற்கும் வீட்டில் அதே பதில்தான் கிடைத்தது. சிட்டு வரவே மாட்டாள். அதற்குக் காரணம் அம்மா என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் அம்மா தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்வார்.

பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பொடிசு இணைப்பு அறைக்குப் போனாள்.

"அண்ணா, நான் ஒரு தடவை முழுசா பாத்துக்கட்டுமா? இனிமே பாக்க முடியாதுல்ல."

எலும்பு அண்ணன் பெருமூச்சு விட்டபடி படத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

முதல் முறை பார்த்தபோது அவள் கண் அங்கியை விட்டு நகரவில்லை. இழுபடுகிறது, இழுபடுகிறது, இன்னும் இழுபடுகிறது. இரண்டாம் முறை பார்த்தபோது வேடிக்கையாக ஒன்று நடந்தது. பாதிக் கதையில் அவளுக்கு அங்கி மறந்துபோயிற்று. உடைந்த பாலத்தில் மாட்டிக்கொண்ட தபால்காரரைச் சிட்டு தூக்கிக்கொண்டு பறந்தபோது, அந்த நீளமான அங்கி வானம் முழுக்கச் சிவப்பாக விரிந்து பின்னால் வந்தது. அம்மா அதில் எவ்வளவு காற்றை வைத்திருந்தார். பருந்தாரின் முதுகில்கூட அது இப்படிப் பறந்ததில்லை. பொடிசு வாயைப் பிளந்தபடி பார்த்தாள்.

மூன்றாம் முறை, பருந்தார் அங்கியைக் கழற்றிக் கொடுக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து இயக்குநரின் அறைக்கு ஓடினாள்.

அங்கே அம்மாவும் எலும்பு அண்ணனும் இருந்தார்கள். இயக்குநர் தொலைக்காட்சி நிலையத்தின் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"பொடிசு, இப்ப வேணாம்" என்றார் அம்மா.

"சின்ன சந்தேகம்தாம்மா. மேடம், சிட்டு போட்டிருக்கிறது யாரோட அங்கி?"

"பருந்தாரோடது" என்றார் இயக்குநர், எண்ணை அழுத்திக்கொண்டே.

"அவரு போட்டிருந்ததைத்தானே கழட்டிக் குடுக்குறாரு? புதுசா ஒண்ணும் தைச்சுக் குடுக்கலையே?"

"இல்ல."

"அப்ப அந்த அளவுத்தாள்ல சிட்டுவோட அங்கி மட்டும் எப்படிச் சின்னதா இருக்கு? மிச்சத் துணி எங்க போச்சு?"

இயக்குநரின் விரல் நின்றது.

"அந்த அளவுத்தாளைப் போட்டது யாரு?" என்று இயக்குநர் கேட்டார்.

"நீங்கதான் மேடம்" என்றார் எலும்பு அண்ணன், பணிவாக.

"நானேதான்" என்றார் இயக்குநர். "சின்னப் பொண்ணு, சின்ன அங்கின்னு போட்டுட்டேன். அது அவரோட அங்கின்னு எனக்குத் தோணவே இல்லையே."

அம்மா பொடிசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சரி. ஆனா பாக்கிறவங்க சிரிப்பாங்களே" என்றார் இயக்குநர். போன் இன்னும் கையில்தான் இருந்தது. "ஒரு வீராங்கனை அங்கியை இழுத்துக்கிட்டு நடந்தா?"

பொடிசு கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க அக்காவோட மழைக்கோட்டு இப்ப எனக்கு வந்திருக்கு. எனக்குக் கால் வரைக்கும் இருக்கும். முதல் நாள் ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போனப்ப, நடக்கிற கூடாரம்னு எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் நான் உள்ள நுழைஞ்சதுமே சொல்லிட்டேன். 'இது எங்க அக்காவோடது. எனக்கு இன்னும் மூணு வருஷம் கழிச்சுத்தான் சரியா இருக்கும்'னு. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல. ஒருத்தி மட்டும் அவளும் உள்ள வரட்டுமான்னு கேட்டா. ரெண்டு பேரும் ஒரே கோட்டுக்குள்ள வீட்டுக்குப் போனோம்."

எலும்பு அண்ணன் சிரித்துவிட்டார்.

"இந்தக் கதையில அங்கி நீளமா இருக்குன்னு யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க மேடம். பருந்தாரு சொல்லல, சிட்டுவும் சொல்லல. எல்லாரும் கண்டுக்காம இருக்காங்க. அதனாலதான் தப்பாத் தெரியுது. யாராவது ஒருத்தர் சொல்லிட்டாப் போதும்."

இயக்குநர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"சரி. பருந்தாரு சொல்றாரு. அங்கி நீளமா இருக்கே, வெட்டித் தரட்டுமான்னு கேக்குறாரு. சிட்டு என்ன சொல்லுவா?"

"அம்மாவும் என்கிட்ட கோட்டை வெட்டித் தைக்கட்டுமான்னு கேட்டாங்க" என்றாள் பொடிசு.

"நீ என்ன சொன்னே?"

"வேணாம்னேன். நான் வளருவேன்ல?"

இயக்குநர் பென்சிலைத் தேடினார். கொண்டையில் இருந்த இரண்டும் அவருக்கு அகப்படவில்லை. எலும்பு அண்ணன் தன்னுடையதைக் கொடுத்தார். இயக்குநர் பொடிசு சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

"மொட்டைமாடியில ரெண்டு பேரோட வாயசைவை மட்டும் மாத்தணும்" என்று எலும்பு அண்ணன் கணக்குப் போட்டார். "ஒரே நாள்ல முடிச்சிடலாம். ஆனா அந்தப் படிக்கட்டு இருக்கே மேடம், அவ்வளவு நீளத்தோட அவ்வளவு வேகமா இறங்கினா யாரும் நம்ப மாட்டாங்க."

"தடுக்கி விழட்டுமே" என்றாள் பொடிசு. "நான் ரெண்டு தடவை விழுந்திருக்கேன்."

"பருந்தாரு ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட விழுந்ததில்ல" என்றார் இயக்குநர்.

"அதனாலதான் கேக்குறேன் மேடம்" என்றார் எலும்பு அண்ணன். அவர் கண்கள் மின்னின. "ஒன்பது வருஷமா நிமிர்ந்து நிக்கிறவரையே வரைஞ்சுட்டேன். சிட்டுவை ஒரே ஒரு தடவை விழ வைக்கிறேன். அழகா விழ வைக்கிறேன்."

அம்மா மெல்லக் கேட்டார். "விழும்போது அங்கி வேற மாதிரி மடங்கும். அந்தப் படங்களை நான் வரையலாமா மேடம்?"

"நீங்க வரையாம வேற யாரு வரைவாங்க?" என்றார் இயக்குநர்.

அம்மா தன் அறைக்குப் போகும் வழியில் பொடிசின் தலையில் கை வைத்தார்.

புதன்கிழமை குரல் மாமா வந்தார்.

பருந்தாருக்குப் பேசுபவர் அவர்தான். பார்ப்பதற்குச் சின்ன உருவம். எந்நேரமும் வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பார். அந்த உடம்புக்குள் அத்தனை பெரிய குரல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பொடிசுக்கு எப்போதும் வியப்பு. பருந்தார் ஓய்வு பெறுகிறார் என்றால் குரல் மாமாவுக்கும் இனி இங்கே வேலை இல்லை. இரண்டு வாரமாக அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று அம்மா சொல்லியிருந்தார்.

சிட்டுவுக்குப் பேசும் குரல் அக்காவும் வந்தாள். இருவரும் ஒலிப்பதிவு அறைக்குள் போனார்கள். பொடிசு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குரல் மாமா புதிய தாளைப் படித்தார். நிமிர்ந்து கண்ணாடி வழியே எல்லோரையும் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியின் அருகில் வந்தார்.

"இனிமே இது உன்னோடது. அடடா, உனக்கு ரொம்ப நீளமா இருக்கே. வெட்டித் தரட்டுமா?"

"வேணாம்" என்றாள் குரல் அக்கா, சிட்டுவாக. "நான் வளருவேன்ல?"

தாளில் அவ்வளவுதான் இருந்தது. ஒலிப்பதிவாளர் நிறுத்தப் போனார். ஆனால் குரல் மாமா ஒலிவாங்கியை விட்டு நகரவில்லை. பருந்தாரின் குரல் இன்னொரு முறை வந்தது. இந்த முறை மிகவும் மெதுவாக வந்தது.

"வளரு."

இயக்குநர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலும்பு அண்ணன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் தூசி என்றார்.

"அது தாள்ல இல்லையே மாமா" என்று இயக்குநர் உள்ளே கேட்கும்படி சொன்னார்.

"தெரியும். எடுத்துடணுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

குரல் மாமா வெளியே வந்து பொடிசைப் பார்த்தார். "அந்த வரி உன்னோடதாமே?" என்றார். பொடிசு தலையாட்டினாள். அவர் தன் வெந்நீர்க் குடுவையின் மூடியில் கொஞ்சம் ஊற்றி அவளிடம் நீட்டினார். அவர் யாருக்கும் அதைக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. வெறும் வெந்நீர்தான். ஆனாலும் பொடிசு கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஸ்டூடியோவில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தார்கள். அங்கி வரும் ஒவ்வொரு இடத்திலும் அம்மா பொடிசின் கையை அழுத்தினார். படிக்கட்டில் சிட்டு அங்கி தடுக்கி விழுந்து, உருண்டு, எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தபோது, கீழே தெருவிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டிலும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டிடத்திலும் சிரித்தார்கள். தபால்காரரைத் தூக்கிக்கொண்டு அவள் பறந்தபோது அத்தனை வீடுகளும் அமைதியாகிவிட்டன.

கடைசியில் எழுத்துகள் ஓடின. பொடிசு கண்ணைச் சிமிட்டவில்லை.

மறுநாள் காலை தொலைக்காட்சி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அங்கே பேசியவர் ராத்திரி முழுக்கத் தூங்காதவர் போல இருந்தார்.

"நேத்து சாயந்திரத்துல இருந்து பிள்ளைங்க போன் பண்ணிட்டே இருக்காங்க மேடம். எடுத்தா எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க."

"என்ன கேக்குறாங்க?" இயக்குநரின் குரல் கம்மியது.

"அந்தப் பொண்ணுக்கு அங்கி எப்ப சரியா இருக்கும்னு கேக்குறாங்க. நாங்க என்ன பதில் சொல்றது?"

இயக்குநர் அம்மாவைப் பார்த்தார். அம்மா விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"ஒரு முழம்னா இருபத்துநாலு விரல். வருஷத்துக்கு மூணு விரல், மூணரை விரல் வளருவான்னு வச்சுக்கிட்டா, ஏழு வருஷம் ஆகும் மேடம்."

"ஏழு வருஷம் ஆகுமாம் சார்" என்றார் இயக்குநர் போனில்.

எலும்பு அண்ணன் நகத்தைக் கடித்தார். பொடிசு அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். போனின் அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ கிசுகிசுப்பது கேட்டது.

"அப்ப ஏழு வருஷத்துக்கும் கதை யோசிங்க மேடம். அங்கி சரியாகிற வரைக்கும் பிள்ளைங்க விட மாட்டாங்க."

போனை வைத்ததும் அறையே அதிர்ந்தது. எலும்பு அண்ணன் நாற்காலியில் ஏறி நின்று ஆடினார். இயக்குநர் இரண்டு பென்சில்களையும் உருவி மேலே எறிந்தார். கொண்டை அவிழ்ந்துபோனது.

"ஏழு வருஷத்துல எனக்குப் பதினேழு வயசாயிடுமே" என்றாள் பொடிசு.

"சிட்டுவுக்கும்தான்" என்றார் அம்மா.

அவர் பேனாவை எடுத்துத் தன் திரையின் முன்னால் உட்கார்ந்தார். அதில் இரண்டு தோள் புள்ளிகள் காத்திருந்தன. பொடிசு அவர் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அடுத்த பகுதியின் முதல் அங்கியை ஒரு முழம் கூடுதலாகவே வரைந்தார்.